காலில் பட்ட குளிர்

வரம்பின் மேல் கழற்றி வைத்த ஒரு சோடி நீல றப்பர் செருப்பு. பாலாவி உப்பளத்து எங்கள் கங்காணியாரை நினைத்தால் முதலில் அந்தச் செருப்புத்தான் கண்ணுக்குள் வரும். ஒவ்வொரு காலையும் அதைக் கழற்றிவிட்டு, பாத்தியின் உப்புத் தண்ணீரில் கணுக்கால் நனைய நிற்பார். தண்ணீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்து, காற்றும் வடக்கிலிருந்து வீசினால், வானம் எவ்வளவு வெளுத்திருந்தாலும் உப்புக் குவியல்களைத் தென்னங்கிடுகால் மூடச் சொல்லிவிடுவார். உப்புக்காக மட்டுமே வானத்தைப் பார்த்த ஆட்கள் நாங்கள். மழை வேறெங்காவது போய்விட்டால், "அல்ஹம்துலில்லாஹ், நம்மட உப்புத் தப்பிச்சு" என்று தேத்தண்ணி குடிக்கப் போவோம். அது எங்கே போய்க் கொட்டியது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அன்றைக்கும் மூடச் சொன்னார். உப்பேற்ற வந்த லொறிகள் வரிசையில் காத்து நின்றன. பகல் வரை ஒரு துளி இல்லை; வெயில் மண்டையைப் பிளந்தது. சாரதிகள் முணுமுணுத்தார்கள். கந்தோரில் கணக்கெழுதிய நான் வாய்க்கொழுப்பில், "நானா, உங்கட காலுக்கு ஒரு சோடி கம்பளி மேஸ் வாங்கித் தரட்டா?" என்று கேட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்கு முகம் கறுத்துப்போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து அவருடைய மகள் கோல் எடுத்தாள். கால்வாயோரத்தில் பள்ளமான வீடு; கையில் பச்சைப் பிள்ளை. "வாப்பா, இஞ்ச வானம் இருட்டிக்கொண்டு வருது. புள்ளயத் தூக்கிக்கொண்டு மாமிட வீட்டுக்குப் போகட்டா?" என்று அவள் கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அவர் எங்களை ஒரு தரம் பார்த்தார். "ஒண்டும் வராது மகள். வீட்டிலயே இரிங்க" என்றார்.

பாலாவியில் கடைசிவரை மழை பெய்யவில்லை. எங்களுக்குத் தெற்கேயுள்ள கொழும்பில் பின்னேரம் தொடங்கியது விடவேயில்லை. மருமகன் பிள்ளையையும் தாயையும் பக்கத்து மாடியில் ஏற்றிவிட்டு, சாமான் எடுக்கத் திரும்ப வெள்ளத்துக்குள் இறங்கினார். மருமகனின் ஜனாஸாதான் அடக்கத்துக்கு ஊருக்கு வந்தது.

வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்று பாரமானது, கடலிலிருந்து வரும் ஈரமான சூட்டுக் காற்றுக்கு அடியில் நுழைந்து அதை மேலே தூக்கிவிடும், தூக்கிய இடத்தில் வானம் பொத்துக்கொள்ளும் என்று பின்னாளில் ரேடியோவில் ஒருவர் விளக்கினார். கொங்கிறீட் போட்டு மூடிய நகரத்தில் அந்தத் தண்ணீருக்குப் போக்கிடமும் இல்லையாம். அவருடைய கால் பொய் சொல்லவில்லை. சிரித்தது நாங்கள். கங்காணியார் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஒரேயொரு தடவை, "என்ட கால் சொன்னத்த நான் மகளுக்குச் சொல்லல்லயே" என்றார். அதன் பிறகு அவர் பாத்தியில் இறங்கவேயில்லை.

இப்போது உப்பளத்தில் அவருடைய இடத்தில் நான். என் மகள் கொழும்பில் படிக்கிறாள். அவள் இருப்பதும் கால்வாயோரத்து அறைதான். இன்று காலை செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். குளிர் எலும்பு வரை ஏறியது. வடக்குக் காற்று. வானத்தில் ஒரு பொட்டு முகிலில்லை. கிடுகைப் பற்றி யோசிக்கவில்லை, ஃபோனை எடுத்து மகளை உடனே பஸ் ஏறி ஊருக்கு வரச் சொன்னேன். "இஞ்ச நல்ல வெயில் வாப்பா, உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று சிரித்தாள்.

"சிரிங்க மகள். சிரிச்சிக்கொண்டே வெளிக்கிடுங்க."

பஸ் ஏறிவிட்டேன் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. செருப்பு வரம்பில் கிடக்கிறது. நான் தண்ணீரிலேயே நிற்கிறேன்.