மேல்மாடி பதில் சொல்லவில்லை

அச்சகத்தில் அவருக்குக் காற்புள்ளியார் என்று பெயர். ஒரு பக்கத்தை அவரிடம் கொடுத்தால், திரும்பி வரும்போது அதில் காற்புள்ளிகள் கொசு மொய்த்த மாதிரி இருக்கும். அவர் இதுவரை போட்டவற்றை ஒன்றின் வாலில் ஒன்றாகக் கோத்தால் ஊரை இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சத்தில் துணி காயப்போடலாம் என்பார்கள். நான் அளந்து பார்த்ததில்லை; மறுத்துச் சொல்லவும் ஆளில்லை.

பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்துவது தொழில். கல்யாணம் என்ற வாக்கியத்தின் நடுவிலேயே ஒரு காற்புள்ளியைப் போட்டு நின்றுவிட்டவர். கீழ்வீட்டில் தனியாக இருந்தார். மாடியில் அவருடைய அக்கா, அவரும் தனியாக இருந்தார். கணவர் போனபின் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். அக்காவின் தொழில் தட்டச்சு. ஆசிரியர்கள் கிறுக்கித் தரும் கையெழுத்துப் பிரதிகளை, மருந்துச்சீட்டைவிட மோசமான எழுத்தாக இருந்தாலும், முகம் சுளிக்காமல் கணினியில் ஏற்றித் தருவார்.

இருவரும் பேசிக்கொள்வதில்லை. அம்மா படுக்கையில் கிடந்து இறந்த வாரத்தில் வந்த வினை அது. "ராத்திரியெல்லாம் நான்தான் முழிச்சிருந்தேன்" என்று அக்கா சொல்ல, "நான் என்ன குறட்டை விட்டுக்கிட்டா கெடந்தேன்?" என்று தம்பி கேட்க, பேச்சு அத்தோடு நின்றது. உண்மையில் இரண்டு பேருமே விழித்திருந்தார்கள். அதனால்தான் இரண்டு பேருக்கும் அவ்வளவு கோபம்.

ஆனால் வேலை நின்றுவிடவில்லை. அச்சகம் ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் அக்கா மாடியில் தட்டி, தன் மடிக்கணினியில் ஒரு கோப்புறையில் போட்டு வைப்பார். அந்தக் கோப்புறை வீட்டு வைஃபை வழியாகக் கீழேயும் திறக்கும். தம்பி அங்கிருந்தபடியே திறந்து, சிவப்பில் திருத்தி, அதே இடத்தில் மூடி வைப்பார். அக்காவின் மடிக்கணினிக்கு 'மேல்மாடி' என்று பெயர், தம்பியுடையதற்குக் 'கீழ்வீடு'. வாயைத் திறக்காமல் ஒரு வீடு இத்தனை ஒழுங்காக நடப்பதைக் கேள்விப்பட்டிருந்தால், சண்டை போட்டுக்கொண்ட நாடுகளிலிருந்து தூதர்கள் வந்து வாசலில் வரிசை கட்டிப் படித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இந்த ஏற்பாட்டில் காற்புள்ளியாருக்கு ஒரு ரகசிய லாபம் இருந்தது. அக்காவின் பிழைகள்தான் அவருக்கு அக்காவைப் பற்றிய செய்தி. தமிழ் விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம். துணைக்கால்கள் வரிசையாக விடுபட்டு, 'பாடம்' எல்லாம் 'படம்' ஆகியிருந்தால் அக்காவுக்கு இடது மணிக்கட்டு வலி. ஒரே எழுத்து மூன்று நான்கு தடவை விழுந்திருந்தால் தும்மல், சளி பிடித்திருக்கிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இரட்டித்திருந்தால் யார்மேலோ கோபம். பிழையே இல்லாத பக்கங்கள் வந்தால் அவர் நிம்மதியாகச் சாப்பிடுவார். ஆனால் அன்றைக்குப் படிக்க அக்காவைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று கொஞ்சம் வெறிச்சென்றும் இருக்கும்.

அப்படி இருக்கையில் பழைய ரௌட்டர் செத்துப்போனது. நெட்காரர் வந்து புதியதை மாடிப்படித் திருப்பத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டு, கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அங்கேயே ஒட்டிவிட்டுப் போனார். அக்கா வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். அவர் கதவு மூடிய சத்தம் கேட்டபின் தம்பி போய்ப் பார்த்து எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை, கழுவிய டம்ளரைக் கவிழ்த்துவிட்டு அவர் மடிக்கணினி முன் உட்கார்ந்தார். அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடம் அன்றே அச்சகத்துக்குப் போக வேண்டும். கோப்புறையைச் சொடுக்கினார். சக்கரம் சுற்றியது. சுற்றிச் சுற்றி, 'மேல்மாடி'யைக் காணவில்லை என்றது.

காற்புள்ளியார் பதறவில்லை. பிழை என்பது அவருக்குச் சோறு போடுகிற சமாசாரம். முதலில் தன்னுடையதை அணைத்துப் போட்டார். பிறகு படியேறிப் பாதி வரை போய் ரௌட்டரை அணைத்துப் போட்டார். பிறகு கணினிக்குக் கட்டளை தட்டுகிற கறுப்புச் சன்னலைத் திறந்தார். அதில் 'பிங்' என்று தட்டி, ஒரு கணினியின் பெயரையோ முகவரியையோ கொடுத்தால், இங்கிருந்து ஒரு குரல் போய் "இருக்கியா?" என்று கேட்கும், அது "இருக்கேன்" என்று சொல்லும். நான்கு தடவை கேட்கும். நான்கு தடவையும் பதில் வரவில்லை, நேரம் கடந்துவிட்டது என்று எழுதிக் காட்டியது.

அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மாடிச் சன்னல் வழியாகத் தட்டச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. இருந்தாலும் உறுதி செய்துகொள்ள, ஒரு பாத்திர மூடியை எடுத்துத் தரையில் போட்டார். அது எழுப்பிய ஓசையில் எதிர்வீட்டு நாய் வாழ்க்கையை வெறுத்து ஊளையிட்டது. மாடியில் தட்டச்சு ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

அடுத்து ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். பட்டியலில் இரண்டே பெயர்கள். கீழ்வீடு. மேல்மாடி. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அதாவது மேல்மாடி விழித்திருக்கிறது, இதே வீட்டில், இதே வைஃபையில் இருக்கிறது. கேட்டால் பதில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நெட்காரருக்குப் போன் போட்டார்.

"லைட்டெல்லாம் எரியுதா சார்?"

"கடைத்தெரு மாதிரி எரியுது."

"ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க."

"எல்லாத்தையும் பண்ணியாச்சு. இனிமே என்னைத்தான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்."

நெட்காரர் சிரித்தார். "புது ரௌட்டர்ல சேந்ததும் ஒரு கேள்வி கேட்டிருக்கும் சார். இந்த இணைப்புல இருக்கற மத்த கணினிங்க உங்க கணினியப் பாக்கலாமான்னு. நீங்க என்ன அமுக்கினீங்க?"

"ஆமான்னு." அந்தக் கேள்வியை அவர் மூன்று தடவை படித்து, அதில் ஒரு காற்புள்ளி குறைகிறது என்று வருத்தப்பட்டு, பிறகுதான் அமுக்கியிருந்தார்.

"அப்ப அந்தப் பக்கம் வேணாம்னு அமுக்கியிருப்பாங்க. அதான் உங்களச் சேத்துக்க மாட்டேங்குது. மாடியில யாரு, வாடகைக்கு இருக்காங்களா?"

"எங்க அக்கா."

"சொந்த அக்காவா? அட, மேல போய்க் கேளுங்க சார். எனக்குப் போன் போடறதவிட அது பக்கம்."

பேச்சு முடிந்தபின்னும் அவர் போனைக் கையிலேயே வைத்திருந்தார். அக்கா வேண்டாம் என்று அமுக்கியிருக்கிறார். ஏன் என்று யோசிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. முந்தின பாடத்தில், பிழை கொஞ்சம் கூடுதலாக இருந்த ஒரு பக்கத்தின் ஓரத்தில், "இதைத் தட்டியது கையா, முழங்கையா?" என்று சிவப்பில் எழுதியிருந்தார். வேடிக்கை என்று நினைத்துத்தான் எழுதினார். இத்தனை காலத்தில் அவர் அக்காவிடம் சொன்ன முதல் வேடிக்கை அது. அதற்கு வந்த பதில் இது போலும். பேச்சுப் போனது, பாதகமில்லை என்று இருந்தார். இந்தப் பிழைகளும் போய்விட்டால் அவருக்கு இந்த வீட்டில் யாருமே இல்லை.

மத்தியானம் வரை நாற்காலியிலேயே இருந்தார். கறுப்புச் சன்னலில் அவ்வப்போது அதே வரியைத் தட்டினார். ஒருதடவை முகவரியைத் தப்பாகத் தட்டியதில் ரௌட்டரே பதில் சொல்லிவிட்டது. அதைப் பார்த்து ஒரு நொடி மலர்ந்து, பிறகு கூசிப்போனார்.

கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டு படியேறினார். சொந்த வீட்டு மாடிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு போகிற மனிதரைப் பார்த்து, படித் திருப்பத்தில் ரௌட்டர் பச்சையாகக் கண்ணடித்தது.

கதவைத் தட்டினார், திறந்தது. அக்காவின் இடது மணிக்கட்டில் பட்டைத்துணி சுற்றியிருந்தது. சமீபத்துப் பக்கங்களின் பிழைகளில் தம்பி படித்தது சரிதான்.

"என்ன?" என்றார் அக்கா.

"லேப்டாப்பு."

"அதுக்கென்ன?"

"பதில் சொல்லமாட்டேங்குது. காலையிலேருந்து தட்டறேன்."

"கதவ இப்பத்தானே தட்டுன?"

தம்பி உள்ளே போனார். சன்னலோரம் மேசை, அதில் மடிக்கணினி, கிளிப்பில் தொங்கும் கையெழுத்துப் பிரதி. மேசைக்கு அடியில் கால் வைத்துக்கொள்ள, அம்மாவின் கட்டிலருகே இருந்த குட்டி முக்காலி. அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அவர் உட்கார, அக்கா பக்கத்தில் நின்றார்.

"அந்த முழங்கை விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"சிரிச்சுட்டேன்."

"கீழ கேக்கலியே."

"தனியா இருக்கறவ சத்தம் போட்டுச் சிரிச்சா ஊரு என்ன சொல்லும்?"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நேத்து ஒரு கேள்வி வந்துச்சா? மத்தவங்க பாக்கலாமான்னு?"

"வந்துச்சு. வேணாம்னு போட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா? கடவுச்சொல்ல எல்லார் கண்ணுலயும் படற மாதிரி படியில ஒட்டிவச்சிட்டுப் போயிருக்கான். வரவன் போறவனெல்லாம் நான் தட்டறத எதுக்குப் பாக்கணும்?"

"நானும்தான் பாக்க முடியாம போச்சு."

அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "மத்தவங்கன்னுதானேடா கேட்டுச்சு. உன்னயா கேட்டுது?"

அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றுமில்லை. அவர் சுட்டியை நகர்த்தி, அமைப்புகளைத் திறந்து, தேட வேண்டிய இடத்தைவிட இரண்டு மூன்று இடங்கள் அதிகமாகவே தேடினார். சரியான வரி கிடைத்த பிறகும் அதன்மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு மாற்றினார்.

"ஆயிடுச்சா?"

"கீழ போயி பாத்தாத்தான் தெரியும்."

"பாத்துட்டுச் சொல்லு."

கீழே வந்து தட்டினார். நான்கு பதில்கள், ஒன்றன்பின் ஒன்றாக, இமைப்பதற்குள். படியடிக்குப் போய் நின்று "வந்துடுச்சு" என்றார். பழக்கமில்லாத குரல், பாதிப் படி ஏறுவதற்குள் களைத்துவிட்டது. மேலே கதவு சாத்தியிருந்தது. கோப்பில் சிவப்பு விழுந்தாலே அக்காவுக்குத் தெரிந்துவிடும். சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். பாடம் சாயங்காலமே அச்சகத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை அவர் கோப்புறையைத் திறக்கவில்லை. முதலில் சட்டையை மாட்டிக்கொண்டார். பிறகு கறுப்புச் சன்னலில் அந்த வரியைத் தட்டினார். தட்டும்போது மனம் என்ன வேண்டிக்கொண்டது என்று நான் சொல்லமாட்டேன், நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

மேல்மாடி நான்கு தடவையும் பதில் சொன்னது. ஒரு குறையும் இல்லை. இத்தனை ஒழுங்கான பதில் அதுவரை யாரையும் இப்படி நோகடித்திருக்காது.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, புது வேலையின் முதல் பக்கத்தைத் திறந்தார். பக்கம் முழுக்கப் பிழை. மணிக்கட்டுக்காகத் துணைக்கால் ஒன்றிரண்டு விடுபட்டிருந்தது, எழுத்து இரட்டிக்கவில்லை, இடைவெளி சரியாகத்தான் இருந்தது. ஆனால் பாதி வரியில் நின்று, அதே வரி மறுபடி தொடங்கி, நடுவில் ஒரு சொல் காணாமல் போய், வேறொரு சொல் இடம் மாறி உட்கார்ந்திருந்தது. இது வலி மட்டுமில்லை, சளியில்லை, கோபமில்லை. அவருக்குத் தெரிந்த நோய்களில் எதிலும் இது சேரவில்லை. மாடிப்படியில் காலடி கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே தட்டினால் இப்படித்தான் வரும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக, சிவப்பில், திருத்த ஆரம்பித்தார்.