தண்ணீரில் கழலாத தபால்தலை

தபால்தலை சேர்ப்பவனுக்கு இந்தக் காலத்தில் முதலில் வருவது கோபமா குழப்பமா என்று கேட்டால், எனக்கு இரண்டும் கைகோத்துக்கொண்டுதான் வருகின்றன. புது வெளியீடு என்று ஆசையாகப் போய் நின்றால், ஒரே தலைப்புக்குத் தனித்தலை நான்கு, நான்கையும் சேர்த்தடித்த சின்னத்தாள் ஒன்று, அதே சின்னத்தாள் ஓரப்பல் இல்லாமல் இன்னொன்று, தங்கப் பூச்சோடு மற்றொன்று. ஒன்றில் பழ வாசனை அடிக்கிறது. ஒன்று இருட்டில் மினுங்குகிறது. ஒன்றைத் துணியிலேயே செய்துவிட்டார்கள். தபால்தலை என்றால் கடிதத்தில் ஒட்டுவது என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். துணியை எந்த உறையில் ஒட்டுவது?

ஈப்போ தபால் நிலையத்தில் நான் வழக்கமாகப் போகும் கவுண்டரில் இருக்கும் பெண்ணும் பாவம். கடிதத்தை நீட்டியதும் மெஷினில் வெள்ளைக் கட்டண லேபலை அடித்து ஒட்டிவிடத்தான் அவளுக்குக் கை வரும். "வேண்டாம்மா, ஸ்டாம்பு ஒட்டித்தான் போகணும். முத்திரையும் அழகாக் குத்தணும்" என்பேன். "லேபல்னா சுலபம்லா அங்கிள். ஸ்டாம்பு வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்பாள். எனக்கே சில சமயம் அது தெரிவதில்லை.

அந்தக் கடிதங்களெல்லாம் ஒரே ஆளுக்குத்தான் போகும். சித்தியவானில் இருக்கும் என் தங்கையின் கணவருக்கு. சுங்காய் பக்கத்தில் இப்போது செம்பனை நிற்கும் இடத்தில் அப்போது ரப்பர் தோட்டம். அங்கே நான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, அவர் ஆலையில் மெக்கானிக். ஆபீசுக்கு வரும் உறைகளிலிருந்த தபால்தலைகளுக்காக இருவரும் முட்டிக்கொண்டோம். பிறகு அவருக்கே தங்கையைக் கட்டிக் கொடுத்தோம்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. கடையில் வாங்கி அப்படியே ஆல்பத்தில் வைப்பது தபால்தலையே இல்லை. தபாலில் ஓடி, முத்திரை வாங்கி, வீடு வந்து சேர்ந்தால்தான் அதற்கு இடம். அதனால் ஒவ்வொரு வெளியீட்டையும் நான் அவருக்கு ஒட்டி அனுப்புவேன், அவர் எனக்கு ஒட்டி அனுப்புவார். உள்ளே கடிதம் என்று எதுவும் கிடையாது. உறை வளையாமல் இருக்க மடித்த வெள்ளைத்தாள் ஒன்று, அவ்வளவுதான். பேச்சையெல்லாம் தங்கை பார்த்துக்கொண்டாள். அவள் ஃபோனில் என்னோடு பேசும்போது பின்னாலிருந்து "ஸ்டாம்பு வந்துச்சான்னு கேளு" என்று அவர் குரல் வரும். "வந்துச்சுன்னு சொல்லு" என்பேன் நான். இரண்டு ஆம்பிளைகளின் உறவு அந்த அளவில் நன்றாகவே ஓடியது.

அப்புறம்தான் இந்த ஸ்டிக்கர் தபால்தலை வந்து சேர்ந்தது. பழையது என்றால் உறையின் மூலையை வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் போதும், கால் மணி நேரத்தில் தானே கழன்று மிதக்கும். ஸ்டிக்கர் ஒரு நாள் முழுக்க ஊறினாலும் அசைவதில்லை. பிடித்து இழுத்தால் பாதிப் படம் உறையோடு நின்றுவிடுகிறது. நான் இரண்டு மூன்றைக் கெடுத்துவிட்டு, நாசமாய்ப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படி வரும் உறைகளை வெட்டாமல், பிரிக்காமல், முழுசாக பிஸ்கட் டின்னில் அடுக்கத் தொடங்கினேன். முழு உறையாகவே இருக்கட்டுமே. வெள்ளைத்தாளுக்காக எவன் நல்ல உறையைக் கிழிப்பான்?

அவர் விடாக்கண்டர். கத்தரி தபால்தலையின் ஓரப்பல்லில் பட்டுவிடும் என்று பயந்து முழு உறையையும் அப்படியே பேசின் தொட்டியில் போட்டு, வெந்நீர் ஊற்றி, சோப்பு கலந்து என்னென்னவோ செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை தவறி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் போனதும் ஃபோனும் ஓய்ந்தது. எங்கள் இருவருக்கும் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றே தெரியவில்லை. முதல் வருஷத் திதி வந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டுச் சேலையை வைத்துத்தான் படைப்பார்கள். பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அண்ணன் நான் ஒருவன்தான். எனக்கு அழைப்பே வரவில்லை. கோப்பெங்கிலிருந்து போய்வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், "என்ன அண்ணே, திதியில உங்களக் காணோம்?" என்று என்னிடமே கேட்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஃபோன் பண்ணிக் கேட்டுடுங்களேன்" என்றாள் என் மனைவி. கேட்டு வாங்குவதா மரியாதை என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

ஆனால் உறைகள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தன. என் கூடப் பிறந்தவளின் திதிக்கு எனக்கே சொல்லாத மனிதர், பறவை வரிசையில் நான்காவதை மறக்காமல் ஒட்டி அனுப்புகிறார். இதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? பகையா, பாசமா, வெறும் பழக்கமா? ஒவ்வொரு உறை வரும்போதும் மண்டை குழம்பியது. மனம் வெறுத்து டின்னில் போட்டு மூடினேன்.

பல மாதம் இப்படியே பொறுத்திருந்து, போன மாதம் ஒரு முடிவுக்கு வந்தேன். மைப்பேனாவை எடுத்து, எங்கள் வழக்கத்தில் முதல்முறையாக, அந்த வெள்ளைத்தாளில் எழுதினேன். இந்தக் காலத்துத் தபால்தலைகள் எனக்குச் சரிப்படவில்லை, இனி எனக்கு அனுப்ப வேண்டாம், நானும் அனுப்பப் போவதில்லை என்று. பழியை முழுக்கத் தபால்தலை மேல் போட்டேன். திதியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. புதிதாக வந்திருந்த ஸ்டிக்கர் ஒன்றையே ஒட்டி அனுப்பினேன். இந்த உறைகளும் நின்றால் நாங்கள் ஒருவருக்கொருவர் யாருமில்லை என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் ஹேண்ட்ஃபோன் அடித்தது. அவர்தான்.

"மச்சான், உள்ள ஏதும் எழுதியிருந்தீங்களா?"

"ஆமா மாப்ள. படிக்கலையா?"

"எங்க படிக்கிறது? எப்பவும் போல பேசின்ல போட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல தண்ணியெல்லாம் நீலமாயிருச்சு. பதறிப்போய் எடுத்துக் காய வச்சேன், ஒரு எழுத்தும் தெரியல. என்ன எழுதியிருந்தீங்க?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "கடுதாசின்னா பிரிச்சுப் பாக்க மாட்டீங்களா? தூக்கித் தண்ணியில போடுவாங்களா?"

"நீங்க என்னைக்கு மச்சான் உள்ள எழுதினீங்க?" என்றார் அவர். பிறகு, "நான் ஒரே ஒரு தடவ எழுதினேன். அதுக்கும் நீங்க பதில் போடல" என்றார்.

"எப்ப எழுதினீங்க?"

"திதிக்கு."

லைனிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய் பிஸ்கட் டின்னை எடுத்து வந்தேன். சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து, காய் வெட்டும் கத்தியால் ஒவ்வொரு உறையாகக் கிழித்தேன். நல்ல உறை கெடுகிறதே என்ற எண்ணம் கூட வரவில்லை. முதல் உறையில் வெள்ளைத்தாள். அடுத்ததிலும் வெள்ளைத்தாள். பூ, ரயில், பறவை எல்லாவற்றிலும் அதே வெள்ளைத்தாள். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். பழ வாசனைத் தபால்தலை ஒட்டிய உறைக்குள் நாலே வரி இருந்தது.

"மச்சான், வர்ற மாசம் அவ திதி. ஃபோன்ல சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க வந்து சேலை வச்சாத்தான் படைப்பேன். கட்டாயம் வரணும்."

ஃபோனைக் காதில் வைத்தேன். இத்தனை நாள் அந்த மனிதரை நான் மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "மாப்ள, அன்னைக்குப் படையலுக்கு யாரு சேலை வச்சா?" என்று கேட்டேன்.

"யாரும் வைக்கல மச்சான். மூணு மணி வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன். வந்தவங்கல்லாம் பசியில உக்காந்திருந்தாங்க. அப்புறம் அவ பீரோவுல இருந்தே பழசு ஒண்ண எடுத்து, நீங்க குடுத்ததுன்னு அவகிட்டப் பொய் சொல்லி வச்சேன்."