க்ளெனிஸ் போட்ட ஆய்வுக்கூடம்

முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பே கதியென்று இருந்தவள் க்ளெனிஸ். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவள் இருந்த கோல்ட் கோஸ்ட் கடற்கரை நகரத்தில் சினிமாக்காரர்களுக்கா பஞ்சம்? ஒரு படத்துக்கு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம் மாதிரி செட் போட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ரப்பர் செருப்போடு போய் நின்றாள். அன்றைக்கே வேலை.

நாலு நாளில் அசல் போலவே போட்டுவிட்டாள். குளிர்பெட்டிக் கதவில் ‘சாப்பாடு வைக்காதே’ என்ற சீட்டுகூட இருந்தது. டைரக்டர் ஃபெர்கஸுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

“என்னங்க இது, பேங்க் மாதிரி இருக்கு? பச்சையா ஏதாவது கொதிக்கணும். புகை வரணும்!”

“புகை வந்தா நாங்க கதவைத் திறந்துக்கிட்டு ஓடுவோம்ப்பா.”

“பாக்குறவனுக்கு அது சயின்ஸுன்னு தெரியணுமில்ல?”

சொன்னதைச் செய்யத்தானே வேண்டும்? சாய நீரில் உலர் பனிக்கட்டியைப் போட்டு, குடுவை குடுவையாகப் புகையவிட்டாள். பழைய சிநேகிதிகள் பார்த்தால் மானம் போகுமே என்று மட்டும் உறுத்தியது.

படப்பிடிப்பன்று, விஞ்ஞானியாக நடித்த இமோஜென் அவளிடம் வந்தாள். “மருந்து வேலை செய்யுதுன்னு தெரிஞ்சதும் நான் கையைத் தூக்கிக் கத்தணுமாம். நீங்க கத்துவீங்களா?”

“ஒரு தடவை, சாதாரணக் காய்ச்சல்னு எல்லாரும் விட்ட பொண்ணோட ரத்தத்துல மலேரியாக் கிருமியைப் பாத்தேன். கத்தலை. உள்ளங்கை வேர்த்துப்போச்சு. தப்பாப் பாத்துட்டோமோன்னு பயம். ஸ்டூலை இழுத்துப்போட்டு உக்காந்து, அதே ரத்தத்துல இன்னொரு கண்ணாடித் தகடு வச்சுப் பாத்தேன். அப்புறம் மூணாவது. அதுக்கப்புறந்தான் டாக்டருக்கு போன்.”

“அந்தப் பொண்ணு?”

“பொழைச்சுட்டா. நான் யாருன்னே அவளுக்குத் தெரியாது.” க்ளெனிஸ் அதுவரை யாரிடமும் சொல்லாத கதை.

கேமரா ஓடியது. இமோஜென் கத்த வாயைத் திறந்தாள். புகை உள்ளே போய் இருமல் வந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி இருமல். மூன்றாம் தடவை புகையில் ஆளையே காணோம்.

“அந்தக் கருமத்தை நிறுத்துங்க!” என்று ஃபெர்கஸே அலறினான்.

நாலாவது தடவை இமோஜென் கத்தவில்லை. மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினாள். உள்ளங்கையைக் கோட்டில் துடைத்தாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து இன்னொரு தகட்டை எடுத்தாள். ‘கட்’ சொல்லவே மறந்து நின்றான் ஃபெர்கஸ்.

படத்தில் அதுதான் வந்தது. பரிசோதனைக்கூடத்துச் சிநேகிதிகள் இரண்டு பேரோடு க்ளெனிஸ் தியேட்டருக்குப் போனாள். அந்தக் கட்டத்தில் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த சிநேகிதி ரேலீன் மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி கிசுகிசுத்தாள்:

“ஏண்டி, கையுறை எங்கடி?”

“விரல் அழகாத் தெரியணும்னான் டைரக்டர்!”

மூன்று பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.