சந்தேகம் இருந்தால் வைரக்கண்ணுவைக் கேளுங்கள்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவின் மகாஜனங்களே! இப்போது நான் சொல்லப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. இதை ஓடுகிற காவிரியின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன். நான் சொன்ன எதைத்தான் நீங்கள் நம்பினீர்கள்? எங்கள் எருமை ஒரு வேளைக்கு இருபத்தேழு லிட்டர் கறந்தது என்றேன், சிரித்தீர்கள். எங்கள் வயலில் ஒற்றை நாற்று நூற்றுப் பன்னிரண்டு தூர் கட்டியது என்றேன், மெய்யநாதன் சிங்கப்பூரிலிருந்து காசு செலவழித்துப் போன் போட்டுச் சிரித்தான். பரவாயில்லை. நீங்கள் வைத்த 'அளப்பு' கோவிந்து என்ற பெயரை அறுபத்திரண்டு வயதிலும் ராஜமுத்திரை மாதிரி சுமந்து திரிகிறவன் நான். ஆனால் அப்போதெல்லாம் நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒரு வழி இருந்தது. "சந்தேகம்னா வைரக்கண்ணுவைக் கேளு" என்பேன். அந்த வழி அடைபட்டுப் பத்து நாள் ஆகிறது.

செய்தி வந்தபோது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு விரால் மீனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வால் மதகிலும் தலை மெயின் ரோட்டிலுமாக அது கிடந்த கட்டத்தில் போன் அடித்தது. மெய்யநாதன்.

"டேய் கோவிந்து, முங்கி போயிட்டான்டா."

"எங்கடா போயிட்டான்? சாயங்காலம் வர்றேன்னு நேத்துதானே சொன்னான்?"

வைரக்கண்ணுவை அவன் 'முங்கி' என்றுதான் சொல்வான். மெய்யநாதன் மெதுவாகச் சொன்னான். "மாட்டுக்கு வைக்கோல் போட்டுட்டு வந்து உக்காந்தானாம். நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னானாம். சந்திரா சுடுதண்ணி கொண்டாரதுக்குள்ள…"

உங்களுக்குச் சொல்லும் வேலையை மெய்யநாதன் என்னிடம் கொடுத்தான். அவன் செய்த தப்பு அதுதான். பட்டுக்கோட்டையில் இருக்கும் ஜெயக்கொடிக்குப் போன் போட்டேன். ரிட்டயர்டு டீச்சர், நம் வகுப்பில் என் பொய்களை நோட்டுப் போட்டு எண்ணியவள். "வைரக்கண்ணு செத்துப் போயிட்டான் ஜெயா" என்றேன்.

"ஏன்ப்பா, எதுல விளையாடுறதுன்னு ஒரு முறை இல்ல? இந்த வயசுலயுமா?"

"நிஜம் ஜெயா."

"நீ சொல்ற நிஜம் எனக்குத் தெரியாதாக்கும்."

"சந்தேகம்னா வைரக்கண்ணுவையே கேளு" என்றது என் வாய். நாற்பத்தாறு வருஷப் பழக்கம், தானாக வந்து விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கே அது உறைத்தது.

படத்திறப்பு அன்று ஆளுக்கொரு பிரதி கொடுக்க ஒரு சின்ன மலர் அச்சடிக்கிறார்கள். "நீ ஒரு பக்கம் எழுது. அளக்காம எழுது. சந்திராவும் பொண்ணும் படிப்பாங்க" என்று சொல்லிவிட்டான் மெய்யநாதன். வைரக்கண்ணுவின் மனைவி சந்திராவிடம் சொல்லவேண்டிய ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. வாயால் சொல்லிவிடலாம் என்று இந்தப் பத்து நாளில் மூன்று முறை அவள் வாசல் வரை போனேன். மூன்று முறையும் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன். பொய் சொல்லும்போது திக்காத வாய் இது. அதனால் எழுதுகிறேன்.

வைரக்கண்ணு எனக்குச் சாட்சி ஆன நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கணக்கு நோட்டு இல்லாமல் ஒரு மணி நேரம் தாமதமாக நானும் அவனும் வகுப்புக்கு வந்தோம். அறுவடை முடிந்த வயலில் மேய்கிற வாத்துக்கூட்டம் ரோட்டை மறித்துவிட்டது என்றேன். எத்தனை வாத்து என்று கேட்டார் கணக்கு சார். பதினோராயிரம் என்றேன். அதில் ஒன்று என் நோட்டின் மேல் உட்கார்ந்து முட்டையிட்டது, அடைகாக்கும் தாயை எழுப்புவது பாவம் என்று நோட்டை அங்கேயே விட்டுவந்தேன் என்றேன். சார் வைரக்கண்ணுவை எழுப்பினார்.

"இவன் சொல்றது உண்மையாடா?"

"நானும் கூட இருந்தேன் சார்."

"அதை நான் கேக்கல. உண்மையான்னு கேட்டேன்."

"கூட இருந்தேன் சார்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு எழுத்து அவன் வாயிலிருந்து வரவில்லை. அவன் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? கூட இருந்தான், உண்மைதானே! என் புளுகு ஒவ்வொன்றுக்கும் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லி வந்தான். உண்மையைத் தவிர வேறு எதையும் சொல்லாமல் ஒரு புளுகனைக் காப்பாற்றிய மனிதன் இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவில் வேறு யார்?

அதற்காக என்னிடம் அவன் மயங்கிக் கிடந்தான் என்று நினைக்கவேண்டாம். பிற்பாடு ஆற்று மதகில் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் வேலைக்குப் போனானே, ஒரு வறட்சியான வருஷம், முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். என் பயிர் மஞ்சளாகிவிட்டது. சிநேகித பாத்தியதையோடு போய் நின்றேன். "நம்ம வாய்க்காலுக்கு ஒரு ரெண்டு மணி நேரம் தூக்கி விடேன்டா" என்றேன். அவன் சாவியை மடியில் செருகிக்கொண்டான். "உன் முறை வியாழக்கிழமை. வாயால எவ்வளவு வேணாலும் அள, நான் கூட நிக்கிறேன். தண்ணிய மட்டும் என்னால அளக்க முடியாது. கடைமடைக்காரன் வயிறு எரிவான்" என்றான். நான் ஏழு தலைமுறைக்குச் சாபம் கொடுத்துவிட்டு வந்தேன். வியாழக்கிழமை விடிந்து போனபோது தண்ணீர் என் வரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மண்வெட்டியோடு மடையில் நின்றுகொண்டிருந்தவனும் அவன்தான்.

அவன் லஸ்கர் ஆனதைக் கேட்டு நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். "முழுகிப் போனவன் கையிலயா ஆத்தைக் குடுத்தாங்க?" என்று மெய்யநாதன் கேட்டான். வைரக்கண்ணுவுக்கு 'முங்கி' என்று பெயர் வந்த கதை அப்படி. அந்தக் கதையை உங்களுக்கு நான் குறைந்தது எண்ணூறு தடவை சொல்லியிருப்பேன். எண்ணூற்றோராவது தடவையும் கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு. காய்ந்து கிடந்த ஆற்றில் புதுத்தண்ணி வருகிற நாள். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் எல்லோரும் ஆற்று மணலில் இறங்கி, வருகிற தண்ணீருக்கு முன்னால் ஓடுவோம். தண்ணீர் காலைத் தொட்டுவிட்டால் அவுட். அன்று பனைமர உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. மேட்டூரிலிருந்து தப்பித்த முதலை ஒன்று முன்னால் நீந்தி அதற்கு வழிகாட்டியது. நீங்கள் எல்லோரும் வளைவு தாண்டி ஓடிவிட்டீர்கள். பின்னால் வந்த வைரக்கண்ணு மணல் அள்ளிய குழியில் விழுந்தான். அந்தக் குழி பாதாளம் வரை போயிற்று. நாகலோகத்தில் விளக்கு எரிந்தது கண்ணுக்குத் தெரிந்ததாம். நான் என் அரைஞாண் கயிற்றை அறுத்து வீசினேன். ஒரு முழக் கயிறு நாற்பது முழமாக நீண்டது. ஒரு கையால் முதலையை அடக்கிக்கொண்டு மறு கையால் அவனை இழுத்துக் கரையில் போட்டேன். சந்தேகம்னா வைரக்கண்ணுவைக் கேளு! கேட்டீர்கள். "கூட இருந்தேன்" என்றான்.

முதலையை நீங்கள் நம்பவில்லை. ஆனால் முழுகினான் என்பதையும் இழுத்தேன் என்பதையும் ஊரே நம்பியது. சந்திரா கல்யாணம் ஆகி வந்த வருஷத்திலிருந்து, பொங்கலுக்குப் பொங்கல் ஒரு மரக்கால் புது அரிசி என் வீட்டுக்கு வரும். "எங்க வீட்டுக்காரர் உசுரைக் காப்பாத்தின அண்ணனுக்கு" என்று சொல்லிக் கொடுத்தனுப்புவாள். அந்த அரிசியில் பொங்கிய பொங்கலை முப்பத்தேழு வருஷம் சாப்பிட்டிருக்கிறேன்.

அவன் போனபோது, உடலை எடுப்பதற்கு முன்னால், வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். பங்காளிகள் வரிசையாக நின்றார்கள். சந்திரா எல்லோரையும் நிறுத்தினாள். "கோவிந்து அண்ணன் முதல்ல போடட்டும்" என்றாள். ஒரு பெரியவர் முறை இல்லை என்று முனகினார். அவள் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து அரிசியை வைத்தாள். "அண்ணே, அன்னைக்கு நீங்க இழுத்துப் போடலைன்னா எனக்கு இந்த வாழ்க்கையே இல்ல. நீங்க போடுங்கண்ணே" என்றாள். அவன் மகள், "போடுங்க மாமா" என்றாள். நான் போட்டேன். பாதி அரிசி அவன் நெற்றியில் சிதறியது. வயசாகிவிட்டது, அழுகிறான் என்று நினைத்துப் பின்னாலிருந்து யாரோ என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

சந்திரா, இனி வருவது உனக்கு. மற்றவர்களும் படிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் பத்தாவது படித்த வருஷத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் என் அண்ணன் அதே ஆற்றில் போய்விட்டான். அதற்குப் பிறகு என் அம்மா ஆற்றுப்பாலத்தில் நடக்கமாட்டாள். சந்தைக்குப் போக மூன்று மைல் சுற்றுவாள். ஆற்றில் இறங்கமாட்டேன் என்று என்னைத் தன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ண வைத்திருந்தாள். அதனால்தான் அன்று எல்லோரும் இறங்கி ஓடிய பிறகும் நான் கரையிலேயே நின்றேன். கடைசியில் பொறுக்கமாட்டாமல் இறங்கினேன். வைரக்கண்ணு, நம் வகுப்பிலேயே மீன் மாதிரி நீந்துகிறவன், எனக்காகப் பின்தங்கி வந்தான். "வேணாம்டா, உங்கம்மா" என்றான். நான் ஓடினேன். தண்ணீர் பனைமர உயரமெல்லாம் இல்லை, கணுக்கால் உயரம்தான். ஆனால் குழி நிறைந்து மேலே நுரை மூடியிருந்தது. மணல் என்று நினைத்துக் கால் வைத்தேன்.

நாகலோகத்து விளக்கு எதுவும் தெரியவில்லை சந்திரா. இருட்டுதான். பிறகு என் தலைமுடியை யாரோ பிடித்தார்கள்.

நனைந்தபடி வீட்டுக்குப் போனோம். அம்மா முறத்தோடு வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள். முறம் கையிலிருந்து விழுந்தது. அந்த முகத்தை எழுதத் தெரியவில்லை. கதை கட்டுவதில் சக்கரவர்த்தியான எனக்கு அன்று ஒரு சொல் வரவில்லை. வைரக்கண்ணு என்னை முந்திக்கொண்டான்.

"அத்தே, நான்தான் குழியில விழுந்துட்டேன். காலு இழுத்துக்கிச்சு. கோவிந்து கரையிலதான் நின்னான், இறங்கவே இல்ல. அங்கேருந்தே கையை நீட்டி இழுத்துப் போட்டான். அதுலதான் நனைஞ்சுட்டான்."

என் அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று மாலை அவன் அப்பா தாம்புக்கயிற்றால் அடித்தார். மறுநாளிலிருந்து அவன் ஆற்றில் இறங்கத் தடை. நீங்கள் 'முங்கி' என்று பெயர் வைத்தீர்கள். நம்மில் அருமையாக நீந்தியவன், நீங்கள் எல்லோரும் குதித்து ஆடும்போது கரையில் சட்டைகளுக்குக் காவல் உட்கார்ந்திருந்தான். நான் முதலையைச் சேர்த்தேன், பாதாளத்தைச் சேர்த்தேன், ஒவ்வொரு வருஷமும் ஒரு முழம் கயிற்றை நீட்டினேன். அடுத்த மாதமே என் அம்மா ஆற்றுப்பாலத்தில் நடந்து சந்தைக்குப் போனாள். "ஆறு ஒரு புள்ளைய எடுத்துச்சு, எம்புள்ள ஒரு புள்ளைய அதுகிட்டேருந்து புடுங்கிட்டான்" என்று தெருவெல்லாம் சொன்னாள். சாகும்வரை சொன்னாள்.

மூன்று வருஷம் முன்பு நாம் எல்லோரும் கல்யாண மண்டபத்தில் கூடினோமே, அவரவர் வாழ்ந்த கதையை மைக்கில் சொன்னோமே, அன்றும் நான் இதைத்தான் சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். "சாட்சி எங்கே?" என்றான் மெய்யநாதன். கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல், "கூட இருந்தேன்" என்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"அம்மாவும் போயி எட்டு வருஷமாச்சு. இனிமேலாச்சும் சொல்லிடுவோமாடா?"

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான். சந்திராவுக்காச்சும்."

"அவளுக்கு அது ரொம்பப் புடிச்ச கதைடா. பேரப்புள்ளைக்குச் சோறு ஊட்டறப்ப முதலையோட சேத்துச் சொல்றா. கெடுத்துடாத." கொஞ்ச தூரம் போனதும் அவனே சிரித்தான். "நான் வாழ்க்கையில சொன்ன பொய் அது ஒண்ணுதான். நல்லா ஓடுச்சு பாரு."

அவன் பேச்சை மீறுகிறேன். மன்னித்துக்கொள்வான், அல்லது மேலே போனதும் பிடித்துக்கொள்வான். முதல் வாய்க்கரிசி எனக்கு உரியதல்ல சந்திரா. அதை உன் கையிலிருந்து வாங்கிய பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வரும் பொங்கலுக்கு என் வீட்டுப் புது அரிசி உன் வீட்டுக்கு வரும். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாலும் சரி, வரும்.

மெய்யநாதா, ஒரு பக்கம் கேட்டாய், எல்லை மீறிவிட்டேன். படத்துக்குக் கீழே 'முங்கி' என்று அடைப்புக்குறிக்குள் போடப்போவதாகச் சொன்னாய். போடாதே. அந்தப் பெயர் அவனுடையது அல்ல. நாற்பத்தாறு வருஷம் எனக்காகச் சுமந்தான். அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது அது ஒன்றுதான். இனிமேல் ரோட்டில் என்னைப் பார்த்தால் "டேய் முங்கி" என்று கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பேன்.

முதலை பொய். பாதாளம் பொய். நாற்பது முழக் கயிறு பொய். அந்தக் கதையில் ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம்: அன்றைக்குப் புதுத்தண்ணியில் ஒருவன் முழுகினான், ஒருவன் பிடித்த பிடியை விடவில்லை. முழுகியவன் நான். சந்தேகம் இருந்தால் கேட்பதற்கு இனி ஆள் இல்லை. என்னைத்தான் நம்பவேண்டும்.

நானும் கூட இருந்தேன்.