சூரியனைப் பார்க்க ஒரு வேன்

சுற்றுலா ஏற்பாடு செய்கிறவனுக்கு ஊர்களைத் தெரிவதைவிட, ஊருக்குக் கிளம்ப முடியாத காரணங்கள்தான் அதிகம் தெரியும். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சிறிய அறையில் இந்தத் தொழிலைச் செய்கிறேன். வேன் சொந்தம். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வீட்டிலோ தெருவிலோ நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு எங்கேயாவது கிளம்பப் பார்த்தவர்கள் இதைப் படித்தால் என்னைத் திட்ட மாட்டார்கள். அவர்களும் பட்டிருப்பார்கள். எத்தனையோ பயணங்கள் மறந்துவிட்டன. ஒன்று மட்டும் போகமாட்டேன் என்கிறது.

யாரும் கேட்காத இடம்

கொடைக்கானலுக்கு நான் வேன் விடாத மாதம் இல்லை. ஏரி, தூண் பாறை, பைன் மரக் காடு, சாக்லேட் கடை. இவற்றைத் தாண்டி யாரும் எதுவும் கேட்டதில்லை. மேலே வெள்ளைக்காரன் காலத்து வானாய்வகம் ஒன்று உண்டு. போர்டைப் பார்த்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. நட்சத்திரம் பார்க்கிற இடம் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் காதர் பாயும் அவர் மனைவி பாத்திமாவும் வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் செருப்புக் கடை வைத்திருப்பவர் பாய். நாற்பதைத் தாண்டிய ஆள். நாற்காலியின் விளிம்பைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கண்ணுக்குள் நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறது, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் அதுவும் அடைத்துக்கொள்ளும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்குள் ஒரு தடவை அந்த ஆய்வகத்துக்குப் போகவேண்டும் என்றார். கொடைக்கானல் வரை போவதானால் ஏரியும் பார்க்கலாமே என்று நான் பழக்க தோஷத்தில் இழுத்தேன். பாய் சிரித்தார்.

"தண்ணி நம்ம ஊர் கம்மாயிலயே கெடக்குண்ணே. பெரிய கண்ணாடி வச்ச மிசினு நம்ம ஊர்ல இல்லையே."

வானம் காலியாக இருந்த பெருநாள்

பாய் இப்படி வானத்தைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. நோன்பு முடிகிற அன்று, பொழுது சாய்ந்ததும் பள்ளிவாசல் மாடியில் ஏறிப் பிறை தேடுவார்கள் அல்லவா? அவர் தெருவில் வருடா வருடம் முதலில் பார்த்து விரலை நீட்டுவது காதர் பாய்தான். "காதர் பாத்துட்டானா?" என்று கீழே நின்று கேட்பார்களாம். அவர் விரல் போகிற திசையில்தான் மற்றவர்கள் கண்கள் போகும்.

இந்த வருடமும் ஏறியிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக "அந்தா, அந்தா" என்று கத்தினார்கள். ஒருவர் இவர் தலையைப் பிடித்துத் திருப்பியே காட்டினாராம். அதைச் சொல்லும்போது பாய் என்னைப் பார்க்கவில்லை, மேஜைமேல் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஊரே பெருநாள்னு கெளம்பிருச்சுண்ணே. எனக்கு மட்டும் வானம் காலியாக் கெடந்துச்சு."

இருட்டுக்கு நாள் பார்த்தது

இரண்டு பேருக்காகத் தனி வேன் எடுப்பது அவர்களுக்குக் கட்டாது. ஆள் சேர்த்துத்தான் போகவேண்டும். சுந்தரபாண்டியத்திலிருந்து மகளிர் குழுத் தலைவி ராமலட்சுமி அக்கா தன் ஆட்களோடு வருவதாகச் சொன்னார். ராஜபாளையத்து ஜோசப் வாத்தியார் குடும்பமும் சேர்ந்தது. நட்சத்திரம் தெளிவாகத் தெரியவேண்டும் என்றால் நிலா இருக்கக் கூடாது, அமாவாசையை ஒட்டிப் போவோம் என்று நான்தான் பெரிய அறிவாளிபோலச் சொன்னேன்.

அமாவாசை அன்று விரதம், அடுப்பை விட்டு வரமுடியாது என்றார் அக்கா. மறுநாள் பாட்டிமை, அதாவது பிரதமை, அன்றைக்கு எதையும் தொடங்கமாட்டார்கள். அதற்கடுத்த நாள் ஞாயிறு வந்தால் வாத்தியார் வீட்டில் கோயில். வெள்ளி வந்தால் பாய்க்கு ஜும்மா. ஆனி இப்படிப் போனது. ஆடியில் ஆண்டாள் தேரை விட்டுவிட்டு யார் கிளம்புவார்கள்? ஒவ்வொரு மாதமும் பாத்திமா போனில் "நாள் ஆயிருச்சாண்ணே?" என்று கேட்பார். நான் பஞ்சாங்கமும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். டிரைவர் மாடசாமி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணாச்சி, எந்தச் சாமியும் கும்பிடாத ஆளா ஒரு வேன் நெறையப் பிடிங்க. நாளைக்கே போயிருவோம்."

பகலில் கொஞ்சம்

ஒருவழியாக ஆவணியில் எல்லோருக்கும் ஒத்துவந்த நாள் ஒன்று கிடைத்தது. ராத்திரி எத்தனை மணிவரை உள்ளே விடுவார்கள் என்று கேட்க ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையான மனிதர். இது சூரியனை ஆராய்கிற இடம், பகலில் வாருங்கள், வெயில் இருந்தால் இருட்டறையில் ஒரு வெள்ளைப் பலகைமேல் சூரியனை விழவைத்துக் காட்டுவோம் என்றார். "நட்சத்திரம்?" என்றேன். "சூரியனும் நட்சத்திரந்தான் சார்" என்றார்.

வெட்கத்தோடு பாய் வீட்டுக்குப் போன் போட்டேன். பாத்திமா எடுத்தார். நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். பொழுது சாய்ந்தால் பாய்க்கு ஒன்றுமே தெரியாதாம். மனைவி கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாராம். அதை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, மிசின் வழியாகப் பார்த்தால் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். இருட்டில் பார்க்கமுடியாத மனிதருக்காக நான் மாதக்கணக்கில் இருட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறைக் கதையைக் கேட்ட பிறகும் எனக்கு ஏன் உறைக்கவில்லை? கேட்டேனா, இல்லை, கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தேனா? பாத்திமா என்னைக் குறை சொல்லவில்லை.

"நல்லதாப் போச்சுண்ணே. பகல்ல அவியளுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு."

ஆவணி மேகம்

கிருஷ்ணன்கோவில் தாண்டும்வரை வேனில் ஒரே பாட்டும் முறுக்கும். சூரியனைத்தான் காட்டுவார்கள் என்று நான் மெதுவாகச் சொன்னதும் ராமலட்சுமி அக்கா எழுந்து நின்றுவிட்டார். "ஏலே மாடசாமி, வண்டியத் திருப்பு. சூரியனப் பாக்கவா கொடைக்கானலு? எங்க மொட்டை மாடில வத்தல் போட்ட எடத்துல வேண்டிய மட்டும் கெடக்கு." பாய்தான் அதிகமாகச் சிரித்தார்.

மேலே மேகம் மூடியிருந்தது. பக்கத்தில் நிற்கும் மரம் தெரியவில்லை. இருட்டறையில் வெறும் பலகைக்கு முன்னால் பாயும் பாத்திமாவும் நின்றார்கள். நாங்கள் வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வாத்தியார் வீட்டில் ஏரிப் படகுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். சத்தம் போட்டது அக்காதான்: "படகு எங்கயும் போயிராது, செத்த நேரம் இருங்க." கதவை மூடுகிற நேரம்வரை இருந்தோம். வெயில் வரவில்லை. முந்தின வாரம் எடுத்த சூரியனின் படத்தை ஆய்வக ஊழியர் ஒருவர் கொண்டுவந்து நீட்டினார். பாய் தலையை மட்டும் ஆட்டினார்.

மலையிறங்கி வத்தலக்குண்டு பக்கம் வந்தோமோ இல்லையோ, சாய்ந்த வெயில் கண்ணாடி வழியாக எல்லோர் முகத்திலும் அடித்தது. பாய் முகத்தைத் திருப்பவில்லை.

"நம்மள மேல நிப்பாட்டிட்டு, இது எப்ப எறங்கி வந்துச்சு?"

நல்ல நாளுக்காக

மறுபடியும் போவோம் என்று அன்றே சொன்னேன். இந்த முறை தப்பக் கூடாது என்பதற்காக ஆய்வகத்தில் விசாரித்தேன். மழைக்காலம் போகட்டும், பொங்கலுக்குப் பிறகு வானம் துடைத்ததுபோல் இருக்கும் என்றார்கள். சரி, தையில் போவோம் என்றேன். புரட்டாசியில் ஒரு வாரம் நல்ல வெயில் அடித்தது. கிளம்பிவிடலாமா என்று பாத்திமா கேட்டார். மேலே போய் மறுபடி மேகம் வந்தால்? அவசரப்படவேண்டாம் என்று சொன்னது நான்தான். அந்த வாரம் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததுதான் அரித்துக்கொண்டிருக்கிறது.

தை பிறந்து நாள் குறித்துச் சொல்லக் கடைக்கே போனேன். பாய் செருப்புகளைத் தடவி அளவு பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டபிறகுதான் திரும்பினார். வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்றார் பாத்திமா. பயணத்தை விட்டுவிடலாமா என்று நான் கேட்டேன். அவரைக் கேட்காமல் பாத்திமாவைக் கேட்டேன். பதில் பாயிடமிருந்துதான் வந்தது.

"நான் வரலன்னா இவ எப்பப் பாப்பா? நீங்க வண்டிய எடுங்கண்ணே."

பலகைக்கு முன்னால்

அன்றைக்கு வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. ராமலட்சுமி அக்கா மறுபடியும் வந்திருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இருட்டறையில் பலகைமேல் சூரியன் விழுந்தது. எல்லோரும் பார்த்துவிட்டு ஒதுங்கி, பாத்திமாவுக்கும் பாய்க்கும் இடம் விட்டோம்.

பாத்திமா பலகைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். "என்ன, வந்துருச்சா?" என்றார் பாய். "வந்துருச்சுங்க." "எப்படி இருக்கு?" "வட்டமா, வெள்ளையா. நம்ம வீட்டுத் தோசைக்கல்லு அளவு." "அம்புட்டுத்தானா?" "ஓரமெல்லாம் ஆடுது. தண்ணிக்குள்ள கெடக்க மாதிரி. பொறவு... ஒரு மச்சம் இருக்கு, கறுப்பா." அந்தப் புள்ளியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்த ஊழியர், எதனாலோ நிறுத்திக்கொண்டார். பாய் சுவரைப் பார்த்து நின்றார். பாத்திமா அவர் தாடையைப் பிடித்துப் பலகைக்கு நேராகத் திருப்பிவிட்டார்.

"மச்சமா? எந்தப் பக்கம்?"

வருடம் முழுக்க வெயில் கொட்டுகிற ஊரில் கடை போட்டிருக்கிறேன், அதில் ஒரு பகலை உரிய நேரத்துக்கு ஒருவருக்கு ஏற்பாடு செய்து கொடுக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.