கேரியரில் என் இடம்

சைக்கிள் அத்தையுடையது, கேரியர் என்னுடையது. எட்டு வயது வரை இதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அதில் உட்கார்ந்து போவேன். ஆண்டாளைக் கும்பிட்டு, பால்கோவா தின்று, அத்தையின் முதுகில் சாய்ந்தபடி திரும்புவேன். தெருவில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஓர் அத்தை இல்லை என்ற மிதப்பு எனக்கு நிறையவே உண்டு.

அந்த இடத்தில்தான் ஒருநாள் இரண்டு நீலப் பைகள் வந்து தொங்கின.

அத்தை அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். கூட வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்களோடு தனுஷ்கோடி வரை சைக்கிளில் போவதென்று முடிவு செய்திருந்தாள். முதல் நாள் அருப்புக்கோட்டையில் ஒரு டீச்சரின் அக்கா வீடு, இரண்டாம் நாள் ராமநாதபுரத்தில் லாட்ஜ், மூன்றாம் நாள் கடல். நானும் வருகிறேன் என்றேன். பைக்கும் எனக்கும் சேர்த்து கேரியரில் இடம் இல்லை என்று சிரித்தாள். பைக்கு இருந்தது, எனக்குத்தான் இல்லை.

அதன்பிறகு அந்தப் பைகளுக்கு நடந்த உபசாரத்தைச் சொல்லி மாளாது. இரண்டு பையும் ஒரே எடையில் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்குமாம். அப்பாவின் மாட்டுத்தீவனக் கடையிலிருந்து கொக்கித் தராசை வாங்கி வந்து உத்திரத்தில் கட்டினாள். டியூப் இரண்டு, காற்றடிக்கும் பம்பு, பங்சர் ஒட்டும் சாமான், மழைக்கோட்டு, எங்கள் ஊரில் நெய்யும் பேண்டேஜ் துணியில் இரண்டு சுருள். எல்லாவற்றையும் நிறுத்தாள். எடை குறைய வேண்டுமென்று பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக வெட்டினாள். ஒரு ஜோடி சாக்ஸை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றிவிட்டு, முள்ளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தை அத்தை அவ்வளவு நேரம் பார்த்ததே கிடையாது.

அப்பா இந்தப் பயணத்துக்குச் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. சாமான்களை ஏற்றிக்கொண்டு பிளவக்கல் அணை வரை ஒருமுறை போய்விட்டு வரட்டும், பொறவு பார்ப்போம் என்று மட்டும் சொல்லியிருந்தார். அத்தையும் துள்ளிக் குதித்து ஒப்புக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலை, பைகளை மாட்டிவிட்டு அத்தை காபி குடிக்க உள்ளே போனாள். நான் கடையின் பழைய ஐந்து கிலோ எடைக்கல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்து, இடப்பக்கப் பைக்குள் மழைக்கோட்டுக்கு அடியில் செருகினேன். அத்தை விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வண்டி இழுக்கும், அத்தைக்குப் பைகள் மீது கோபம் வரும், கழற்றி எறிந்துவிடுவாள். என் கணக்கு அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கெல்லாம் ஒரு லோடு ஆட்டோவில் அத்தையும் சைக்கிளும் வந்து இறங்கினார்கள். வண்டி இடப்பக்கமே இழுத்திருக்கிறது. தனக்குத்தான் பழக்கம் போதவில்லை என்று நினைத்து மிதித்திருக்கிறாள். மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்குக்குப் பக்கத்தில் பின்னால் லாரி ஹாரன் அடித்தபோது ஒதுங்கப்போய் சரளையில் சரிந்துவிட்டாள். முழங்கையில் ரத்தம். தனுஷ்கோடிக்கென்று எடுத்துவைத்த பேண்டேஜ் துணியை எடுக்கத்தான் பையைத் திறந்தாள். எடைக்கல் கையில் வந்தது.

"அண்ணே, இது உள்ள இருந்துருக்கு. அதான் இழுத்துருக்கு" என்றாள். அவள் முகத்தில் வலி போய் ஒரு தெளிச்சி வந்திருந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் வைத்தேன் என்று அழுதுகொண்டே ஒப்புக்கொண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். செருப்பைத் தொலைத்ததற்கே பெல்ட்டை எடுத்தவர் அப்பா.

அப்பா வந்து எடைக்கல்லை வாங்கிப் பார்த்தார். "சின்னப்புள்ள வெளையாட்டுக்குச் செஞ்சிருக்கு, அத விடு. லாரி பின்னால வந்துச்சா இல்லையா?"

அத்தை இன்னொரு தடவை போய்விட்டு வருவதாகச் சொன்னாள். ஒரு தடவை விழுந்தது போதும் என்றார் அப்பா. அம்மாவும் அதையேதான் சொன்னாள். கல் கடைக்குத் திரும்பியது. சாயங்காலம் அப்பா பால்கோவா வாங்கி வந்து, பெரிய துண்டாக எனக்குக் கொடுத்தார். உண்மையைச் சொன்னால் இப்படியெல்லாம் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே நிறைய சொல்லியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு கேரியர் காலியாக இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் சிவகாசி ரோடு பிரியும் இடத்தில் அத்தை ஒரு காலை ஊன்றி வண்டியை நிறுத்தினாள். அன்று விடியற்காலையில் அந்த வழியாகத்தான் டீச்சர்கள் இருவரும் கிளம்பிப் போயிருந்தார்கள். பங்சரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பேச்சு வேண்டியிருந்தது.

"அப்பா என்னைய அடிக்கவே இல்ல, பாத்தியா அத்தை" என்றேன்.

அத்தை திரும்பிப் பார்க்காமல் பெடலில் காலை வைத்தாள்.

"ஒன்னய ஏம்ட்டி அடிக்கப் போறாவ" என்றாள்.

என்னைப் பாராட்டித்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, அவள் முதுகில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.