வியாழக்கிழமை நாலு மணி

சண்முகவடிவு புருஷன் சுயம்புலிங்கத்தோடு பேசி ஆறு மாதமாகிறது. சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள். சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவர் எதிர்த்துப் பேசாது, அந்த மட்டில் சௌகரியம்தான்.

ரங்கநாதன் தெருவில் அவர்களுடைய பாத்திரக்கடை. பதினொரு வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவள் அவள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த புதிதில் ஒற்றைக் கதவுக் கடை. அது நாலு கதவானதில் பாதி அவளுடைய வாய் சாமர்த்தியம். எழுபத்துநாலு தை மாதம் கடையைப் புதுப்பித்தார்கள். கண்ணாடி அலமாரி வந்தது, டியூப்லைட் வந்தது, கல்லாவில் சுயம்புலிங்கத்தின் தம்பி வெள்ளைத்துரை வந்து உட்கார்ந்தான்.

"நீ மேல போயி வீட்டைப் பாரு," என்றான் சுயம்புலிங்கம். ஏன் என்று சொல்லவில்லை. கடைச் சிப்பந்தியை நிறுத்தினால்கூடக் காரணம் சொல்லி நிறுத்துகிற மனுஷன்! அந்த எரிச்சலில்தான் அவள் வாயை மூடினாள்.

வாடிக்கைக்காரி ஜெயபாரதிக்கு அடையாறில் ஒரு குடும்ப ஆலோசனை நிலையத்தில் வேலை. விஷயம் காதில் விழுந்ததும், "வர்ற வியாழக்கிழமை நாலு மணிக்கு ரெண்டு பேரும் வாங்க. ஒருத்தர் பேசினா மத்தவர் குறுக்கே பேசாம கேக்கணும், அதுதான் அங்கே சட்டம்," என்றாள். சண்முகவடிவுக்கு அந்தச் சட்டம் பிடித்துப்போயிற்று. என்னை ஏன் எழுப்பிவிட்டாய் என்று அவன் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும், அவன் பதில் சொல்லியே தீர வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

சுயம்புலிங்கம் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். "வீட்டுச் சங்கதியை எவளோ ஒருத்திகிட்ட போயிக் கக்கவா?" இரண்டு நாள் கழித்து, "சரி, போவோம்," என்றான். அவளுக்கு மனசு கொஞ்சம் இளகியது. இளகியதற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

வியாழன் காலை ஜெயபாரதியே கடைக்கு வந்து அவளைக் கீழே கூப்பிட்டனுப்பினாள். கையில் புத்தம்புது எவர்சில்வர் அடுக்குத் தூக்கு. மூடியில் 'ஜெயபாரதி' என்று பேர் வெட்டியிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் நேத்து ஆபீஸ்ல வச்சுட்டுப் போயிட்டார். என் பக்கமாப் பார்த்துப் பேசுங்கன்னு வேற சொன்னார். இதெல்லாம் நான் வாங்கறதில்லை," என்று தூக்கைச் சுயம்புலிங்கத்தின் முன்னால் வைத்தாள். "ஆனா நாலு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் அவசியம் வரணும்."

சண்முகவடிவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தராசுக்கு முத்திரை வைக்க வருகிறவரைச் சரிக்கட்டுகிற மாதிரி இவளையும் சரிக்கட்டப் பார்த்திருக்கிறான்! நாலு மணி வரை பொறுக்க முடியவில்லை. கடை நிறைய ஆள் இருக்க, ஆறு மாதத்துக்குப் பிறகு நேராக அவனிடமே கேட்டாள்.

"என்னைய எதுக்குக் கல்லாவுல இருந்து எழுப்பினிய? சொல்லுங்க."

சுயம்புலிங்கம் நிமிரவில்லை. மூடியில் இருந்த எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேரு வெட்டின சாமானை இனிமே எவன் வாங்குவான்ட்டி?" என்றான்.

ஜெயபாரதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சண்முகவடிவு கையமர்த்தினாள்.

"நாங்க வரலைம்மா. கேக்க வேண்டியதைக் கேட்டுட்டேன். அவுகளும் பதில் சொல்லிட்டாக."